உன் அரைச்சுரங்களை நேராக்கிவிட்டார்கள்

என் செல்ல அண்ணே,

போன ஞாயிற்றுக்கிழமை உன் நினைவு ஆராதனை முடிந்தது. உன் பாட்டைப் பாடினார்கள். பாடினார்களா? கொன்றுவிட்டு அதன்மேல் உன் பெயரை எழுதி வைத்தார்கள்.

திருச்சிக்கு வேலைக்குப் போகிற பஸ்ஸில், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியப் பியானோ இசையைக் காதில் மாட்டிக்கொண்டே போனவன் நீ. "பாப்பா, இதக் கேளு. சுரங்கள ஒண்ணா சேத்து அடிக்கிற ஒவ்வொரு கார்டும் அரைச்சுரம் அரைச்சுரமா சரியுது. இந்தா வீட்டுக்கு வந்துருச்சுன்னு நெனைக்கிறப்ப வேற எங்கிட்டோ போயிருது. அழுக இப்படித்தான வரும்?" என்பாய். அப்பா இறந்த வருஷம் அதே முறையில் நம் சர்ச்சில் பாடுகிற கொயருக்கு, சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று நான்கு குரலில் ஒரு புலம்பல் பாட்டு எழுதினாய். நடுவில் என் ஆல்ட்டோ குரல் அரைச்சுரமாக இறங்கிக்கொண்டே போகும். எங்கேயும் நிற்காது.

கொயர் மாஸ்டர் ஒருதடவை வாசித்துப் பார்த்துவிட்டு, "அபசுரமா இருக்கு தம்பி" என்று ஒதுக்கினார். நீ சிரித்தாய். "விடு பாப்பா" என்றாய். ஏன் விட்டாய்?

நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோன பிறகுதான் அவருக்கு உன் பாட்டு ஞாபகம் வந்தது. ஒத்திகைக்குப் போனால், அந்த நடுப்பகுதி முழுக்கப் பிறந்தநாள் பாட்டு மாதிரி மூன்றே கார்டு.

"எங்கண்ணன் எழுதினது இது இல்லீங்க" என்றேன்.

"சனங்களுக்குப் புரியணும்லம்மா, அதான் சரி பண்ணிருக்கேன். செத்தவனுக்குக் கெட்ட பேரு வரலாமா?"

சரி பண்ணினாராம்!

ஆராதனையில் அந்த இடம் வந்ததும், நீ எழுதியபடியே இறங்கினேன். மற்ற குரல்களோடு மோதிக் காது கூசியது. அவர் கீபோர்டிலிருந்து முறைத்தார். நான் நிறுத்தவில்லை. பேஸ் பாடும் உன் சிநேகிதன் அருள் சட்டென்று உன் வரிக்குத் திரும்பினான். மற்றவர்கள் ஒவ்வொருவராக வாயை மூடிக்கொண்டார்கள். இரண்டே குரலில் முடித்தோம்.

வாசலில் மாஸ்டர் பிடித்துக்கொண்டார். "மானத்த வாங்கிட்டியேம்மா. இனிமே கொயர் பக்கம் வராத."

"வரலைங்க. நீங்களும் எங்கண்ணன் பாட்டத் தொடாதீங்க."

ஆட்டோவில் அம்மாவோடு திரும்பினேன். திருக்கோகர்ணத்தில் வீட்டு வாசலில் இறங்கியதும், "நீங்க ரெண்டு பேரும் பாடுன எடத்துலதான்டி எனக்கு மூச்சே வந்துச்சு" என்றாள்.

இப்போது நம் வீட்டிலேயே பழகுகிறோம். சோப்ரானோவுக்கு அருளின் மனைவி வருகிறாள். டெனருக்குத்தான் ஆள் இல்லை. அது உன் குரல். யார் வந்து நின்றாலும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வரும். ஆனாலும் ஆள் தேடுவேன். நாலு குரலும் சேர்ந்து, ஒரு சுரம்கூட மாறாமல், அதே சர்ச்சில், அவர் உட்கார்ந்து கேட்கப் பாடுவோம். இது சத்தியம், அண்ணே.

எதையும் விடத் தெரியாத
உன் தங்கச்சி