பட்டியலில் இல்லாத டைப்பிஸ்ட்

7 மார்ச் 1966, திங்கள்
இன்று அலுவலகத்துக்காக அடித்தது மூன்று கடிதம். மற்றவர்களுக்காக அடித்தது ஆறு. ஸ்டோர்ஸ் பக்கிரிசாமி வழக்கம்போல, "ஜல்தி இல்ல அக்கா, ஒரே ஒரு பக்கம்தான்" என்றார். கடல் மைல் தரை மைலைவிட நீளமாம். எங்கள் தீவுத் துறைமுகம் ஃபீனிக்ஸ் பேயில் பக்கமும் அப்படித்தான். ஆனாலும், "நீலாவதி இல்லேன்னா இந்த ஆபீஸ் ஓடுமா?" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், என் விரல்கள் ஓடத் தொடங்கிவிடும். வெட்கமாக இல்லையா எனக்கு?

11 மார்ச்
ஏப்ரலில் தங்கை மல்லிகாவுக்கு நாகப்பட்டினத்தில் கல்யாணம். தீவிலிருந்து ஊருக்குப் போகும் ஒரு கப்பலுக்கு எங்கள் அலுவலகத்தில் நாலு பேருக்குத்தான் லீவு. இன்று பக்கிரிசாமி உட்பட நாலு பேருடைய லீவு விண்ணப்பத்தையும் அடித்துக் கொடுத்தேன். நல்ல காரியம்.

14 மார்ச்
லீவுப் பட்டியலை ஒரு பிழையில்லாமல் அடித்து ஹெட் கிளார்க் கிருஷ்ணமூர்த்தி சாரிடம் நீட்டினேன். "ஏம்மா, தங்கச்சி கல்யாணம்னியே, உன் பேரைக் காணோமே?" என்றார்.
என் விண்ணப்பம்... அதை நான் அடிக்கவே இல்லை!

15 மார்ச்
இனி யாருக்கும் ஒரு வரி கிடையாது. எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன். போதும்டி நீலா.

17 மார்ச்
இரண்டு நாளாக ஒருவரும் என் மேசைப் பக்கம் வரவில்லை. நிம்மதி. ஆனால் டீகூட ருசிக்கவில்லையே, ஏன்?
மதியம் பக்கிரிசாமி வந்தார். "முடியாது" என்றேன், அவர் வாயைத் திறப்பதற்குள்.
"கேக்க வரல அக்கா, குடுக்க வந்தேன்."
தனக்கு லீவு வேண்டாம் என்ற கடிதம். ஒற்றை விரலால் அவரே அடித்தது. நாலு வரியில் ஒன்பது பிழை.
"நீங்க போங்க. நான் பொண்ணு பாக்கத்தானே போறேன்? பொண்ணு எங்க ஓடிடப் போகுது?"
கடிதத்தைப் பிடுங்கித் திருத்தி அடித்தேன். அழுதேன் என்று எழுத மாட்டேன். ரிப்பன் மை கண்ணில் பட்டுவிட்டது.

3 ஏப்ரல்
கப்பலில். ஒரே வாந்தி.

20 மே
பக்கிரிசாமிக்கு ஊரிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. பெண்ணை வேறு இடத்தில் முடித்துவிட்டார்களாம். "கோயி பாத் நஹி அக்கா, பரவால்ல" என்று சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.
கிருஷ்ணமூர்த்தி சார் தன் மைத்துனருக்கு ஒரு மனு அடிக்கச் சொன்னார். "நாளைக்கு, சார்" என்றேன். நானா சொன்னேன்! வானம் இடிந்து விழவில்லை.
மாலையில் நாகப்பட்டினத்து உறவுக்காரர்கள் மூவருக்குப் பக்கிரிசாமிக்காகப் பெண் கேட்டுக் கடிதம் எழுதினேன். அவர் கேட்கவில்லை, அவருக்குத் தெரியவும் தெரியாது. கையால்தான் எழுதினேன். டைப் அடித்துப் போனால் அரசாங்க நோட்டீஸ் என்று பயந்து பெண்ணை ஒளித்து வைத்துவிடுவார்கள்.