இரண்டாவது அடுக்கு

மார்ச் 4
ஹாலைத் தடுக்கும் வேலை இன்று தொடங்கியது. வேலை மாற்றலாகி, இரண்டு மாதமாக எங்கள் வீட்டு ஹாலில் படுத்துக்கொண்டிருக்கும் அக்காவுக்கு ஓர் அறை. தடுப்புக்கு இந்தப் பக்கம் சாப்பாட்டு மேஜை, அந்தப் பக்கம் அவள் கட்டில். தடுப்பு போட வந்த போர்டுக்காரர் தரையில் நூல் பிடித்துக் கோடு போட்டு, தகரச் சட்டங்களை நிறுத்தினார். ஜன்னலோரம் அக்கா அவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் டீ கொண்டுபோனதும் பேச்சு நின்றுவிட்டது.

மார்ச் 5
ஜிப்சம் போர்டுகள் வந்து இறங்கின. எண்ணினேன். தேவைக்கு இரண்டு மடங்கு. போதாததற்குச் சட்டங்களுக்கு நடுவே அடைக்கப் பஞ்சு, கட்டுக் கட்டாக.
"எதுக்குக்கா ரெண்டு அடுக்கு?"
"கெட்டியா இருக்கட்டுமேடி."
தங்க வந்தவளுக்கு எதற்குக் கெட்டிச் சுவர்? இங்கேயே வேர்விடப் பார்க்கிறாளோ?

மார்ச் 6
அல்லது போனில் யாரோடோ பேசுவது எங்களுக்குக் கேட்கக் கூடாதோ. நாற்பத்தாறு வயதில் — இருக்காது. ஏன், இருக்கக் கூடாதா?

மார்ச் 7
மேஜைப் பக்கம் முதல் அடுக்கு ஏறிவிட்டது. மேல்காகிதம் கிழியாமல் திருகாணித் தலை மயிரிழை உள்ளே போகிறது. போர்டுக்காரருக்கு நல்ல கை. காலையில் சட்டைப் பித்தானுக்காக என் வீட்டுக்காரர் கொஞ்சம் சத்தம் போட்டார். தட்டு விழுந்தது. அவருக்கு ஆபீஸில் ஆயிரம் தொல்லை. நல்லவேளை, அக்கா குளித்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 8
அம்மா போனில் மூன்று தடவை கேட்டாள், "நீ நல்லா இருக்கியாடி?" யார் வத்தி வைத்தது? இனி சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து நிம்மதியாக வைக்கலாம். அதற்குத்தான் இரண்டு அடுக்கு.

மார்ச் 9
அக்கா ஆபீஸ் போனதும் போர்டுக்காரரிடம் நேராகவே கேட்டேன். "அவங்க பேசுறது எனக்குக் கேக்கக் கூடாதுன்னு சொன்னாங்களா?"
போர்டைக் கத்தியால் கீறிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "இல்லம்மா. மேஜைப் பக்கத்துச் சத்தம் அவங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னாங்க."
உள்ளே போய்ப் பாத்திரம் விளக்கினேன். எல்லாம் ஏற்கெனவே விளக்கியவை.
சாயங்காலம் அக்காவே சொன்னாள். "உன் வீட்டுக்காரர் ஆரம்பிச்சா நான் பாத்ரூமுக்குள்ள போய்க் குழாயைத் திறந்துவிட்டு நிப்பேன். நான் கேட்டேன்னு தெரிஞ்சா நீ கூனிக்குறுகிப் போயிடுவடி."
ரெண்டு மாசமா. எல்லாம் கேட்டுருக்கா. நான் அவளை என்னவெல்லாம் நெனச்சேன், சீ.

மார்ச் 10
ஒவ்வொரு பக்கமும் ஒரே ஒரு போர்டு போதும், பஞ்சு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். போர்டுக்காரர் மிச்சப் போர்டுகளை வாசலில் அடுக்கினார்.
வேலையிலிருந்து வந்த அக்கா சுவரைத் தட்டிப் பார்த்தாள். "எல்லாம் கேக்குமேடி."
"கேக்கட்டும்க்கா."

மார்ச் 14
போர்டு இடுக்குகளில் பூசிய பட்டி காய்ந்துவிட்டது. டீயில் சர்க்கரை அதிகம் என்று காலையில் என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். அறையிலிருந்து அக்கா வந்து, என் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பாதியில் நிறுத்தி, மிச்ச டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.
நாங்கள் இருவரும் இன்னொரு டீ போட்டுக் குடித்தோம்.