சுரப்பு விடாத செவலை

4 நவ., செவ்வாய்

விடியலிலிருந்து தூறல். பிரஷர் மாத்திரை போட்டாயிற்று. முட்டி வலி அப்படியே.

செய்தி இன்று மூன்றாம் பக்கத்தில், என் பெயருடன். 'பால் கறக்க ஊசி: கடைகளில் தாராள விற்பனை.' ஒரு எழுத்துப்பிழை. பார்த்தேன், மடித்து வைத்தேன். முன்பெல்லாம் கூடுதலாக ஒரு பிரதி வாங்குவேன்.

பதிவுக்காக: கன்று முட்டினால் மாட்டின் மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி ஆக்சிடோசினை விடும்; பால் இறங்கும். அதே மருந்துதான் ஊசியில். ஈன்ற மாட்டுக்குத் தேவைப்பட்டால் டாக்டர் போட வேண்டியது. மு.பேட்டைத் தீவனக் கடையில் லேபிள் இல்லாத பாட்டிலில் எனக்கே கொடுத்தார்கள். டாக்டர் சீட்டு கேட்கவில்லை.

கால்நடை டாக்டர் சொன்னது: "தினம் போட்டுப் பழக்கினா, அது இல்லாம மாடு சுரப்பே விடாது சார். கேடு மாட்டுக்குத்தான். குடிக்கிறவங்களுக்குக் கெடுதல்னு எழுதிடாதிங்க, அதுக்கு உறுதியான ஆதாரம் இல்ல." அப்படியே எழுதினேன்.

5 நவ., புதன்

பால் வரவில்லை. அஞ்சலை பன்னிரண்டு வருடமாக நமக்கு ஊற்றுகிறவள். மழையிலும் தவறியதில்லை. ஒரே மாடு. கன்று செத்த பிறகு ஊசிக்குப் போனாள். கொட்டகைக்குள் என்னை நிற்கவைத்து ஊசி போடுவதைக் காட்டியதும் அவள்தான். பெயர் வராது என்று சொல்லியிருந்தேன். பெயர் போடவில்லை. தெருவும் போடவில்லை.

டீக்கடையில் இரண்டு பேர்:

"இடது காது கிழிஞ்ச செவலைன்னு போட்டுக்கிறான். நம்ம அஞ்சல மாடுதான்டா அது."

"அடப்பாவி. தண்ணி ஊத்தாத பாலுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தேன்!"

வீட்டுக்கு வந்து பேப்பரைப் பிரித்தேன். ஐந்தாம் பத்தி. இடது காது கிழிந்த செவலை மாடு, நீலத் தார்ப்பாய்க் கொட்டகை, பக்கத்தில் பூட்டிய மாவு மில். எல்லாம் சரியாக இருந்தது. 'உறுதியான ஆதாரம் இல்லை' என்ற டாக்டரின் வரியும் இருந்தது, கடைசிப் பத்தியில். அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

என்ன தோன்றியது என்று எழுத உட்கார்ந்தேன். ஒன்றும் இல்லை.

வாங்க: பாக்கெட் பால், கொசுவத்தி, டார்ச்சுக்கு பேட்டரி.

6 நவ., வியாழன்

மழை விட்டிருந்தது. அஞ்சலை வீட்டுக்குப் போனேன். சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வாங்க சார். காத எழுதினிங்க, வாலை ஏன் வுட்டுட்டிங்க?"

நேற்று அதிகாரிகள் வந்து பாட்டிலை எடுத்துப் போயிருக்கிறார்கள். பால் வாங்கும் பதினாலு வீட்டில் பதினொன்று நின்றுவிட்டது. நேற்றிலிருந்து ஊசி போடவில்லை. மாடும் சுரப்பு விடவில்லை. மடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். கெட்டியாக, சூடாக இருந்தது.

டாக்டருக்கு அங்கிருந்தே போன். "திடுதிப்புனு நிறுத்தக் கூடாது சார். அளவைக் கொறைச்சிக் கொறைச்சித்தான் வரணும். பால் மடியிலயே தங்குனா மடிநோய் வந்துடும், அப்புறம் அந்த மாட்டுல பால் பாக்க முடியாது." நாளைக்குள் வந்து பார்க்கிறேன் என்றார்.

"தரகன் வந்து பாத்துட்டுப் போனான்," என்றாள் அஞ்சலை. "ஊசி இல்லாம கறந்தா எங்கிட்ட இருக்கும். இல்லன்னா சனிக்கிழமை ஏத்தி வுட்டுடுவேன். வச்சி தீனி போட எனக்கு வக்கு இல்ல. எங்க போவும்னு உங்களுக்கே தெரியும்."

மன்னிப்பு கேட்க நினைத்துப் போனேன். கேட்கவில்லை. விவரம் குறித்துக்கொள்ளவும் இல்லை.

மாலை ஆபீஸ் போன். "செம ரெஸ்பான்ஸ் சார். ஃபாலோ-அப் ஒண்ணு குடுத்துடுங்க." சரி என்றேன்.

7 நவ., வெள்ளி

காலை 6.10. வாசலில் மாடு. அஞ்சலை, சொம்பு, வாளி, வெந்நீர்.

"உங்க கண்ணு முன்னாடி, தெரு கண்ணு முன்னாடி, ஊசி இல்லாம கறக்குறேன். கறந்துட்டா அதையும் எழுதுங்க சார்."

கயிற்றை என் கையில் கொடுத்தாள். வெந்நீரால் மடி கழுவினாள், விளக்கெண்ணெய் தடவினாள், நீவினாள். "வுடுடி தாயி, வுடு" என்று பேசிக்கொண்டே இருந்தாள். எதிர்வீட்டு மாடியில் அந்துவான், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், காப்பியுடன்: "இன்னா முசியே, மாடு ஸ்ட்ரைக்கா?" பக்கத்து மாடிகளில் சிரிப்பு.

இருபத்தைந்து நிமிடம். சொம்பின் அடி மறையவில்லை. மாடு இரண்டு முறை உதைத்தது. வலி போல.

அஞ்சலை இடுப்புச் சுருக்குப் பையை அவிழ்த்தாள். ஊசி, சின்ன பாட்டில்.

"இது ஒண்ணு அந்த ஆபீசருங்க கண்ணுல படல. கம்மியாத்தான் எடுத்துக்கிறேன். போடலன்னா மடி போச்சி. போட்டா தெருவே பாக்குது. நீங்களே சொல்லுங்க சார்."

டாக்டருக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மாடிகளிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போடும்மா," என்றேன். எல்லாருக்கும் கேட்டிருக்கும்.

இரண்டு நிமிடத்துக்குள் இறங்கியது. சொம்பு நிறைந்து வாளிக்குப் போனது. அவள் தலை தூக்காமல் கறந்தாள். மடி தளர்ந்தது. அந்துவான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். ஒவ்வொரு மாடியாகக் காலியானது. பாத்திரத்துடன் யாரும் இறங்கி வரவில்லை.

"உங்களுக்கு எவ்ளோ சார்?"

"எப்பவும் ஊத்துறதுதான்."

ஊற்றினாள். வாளியைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள். கயிற்றை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நாளைக்கு எட்டு மணிக்கு தரகன் வண்டி வருது," என்றாள்.