தொண்ணூற்றொன்பது தூக்கப்பூ

ஐப்பசி 11, செவ்வாய்

விடியலிலிருந்து தூறல். மல்லி வரத்தே இல்லை. சம்பங்கி நனைந்து கனத்துப்போய் வந்தது. கனகாம்பரம் மட்டும் விற்றது.

மதியம் கடையில் ஆள் இல்லை. மகன் பிரபு துபாய் போகும்போது விட்டுப்போன லேப்டாப், அதில் அவனுடைய விளையாட்டு. நான்காம் பாகம். முந்தைய மூன்றை நான் தொட்டதில்லை. பாதாள வாசலில் ஓர் அரக்கன் காவல். ஏழுகண்ணன் என்பது நான் வைத்த பெயர். அவனை வாளால் வெட்டப்போய்த்தான் எல்லாரும் சாவார்கள். நான் விளையாட்டில் வரும் குளத்தில் பறித்த தூக்கப்பூவை, பூதங்களைத் தூங்கவைக்கும் பூவை, வீசினேன். மூன்றாவது பூவில் ஏழு கண்ணையும் மூடிக்கொண்டான். தூங்குகிறவனை வெட்ட மனசு வரவில்லை. தாண்டிப் போய்விட்டேன்.

இந்த விளையாட்டு ஆடுகிறவர்களின் குழு ஒன்றில் பிரபு என்னைச் சேர்த்துவிட்டிருந்தான், அதில் இதை எழுதினேன். அரை மணியில் பதில்கள்:
"பாஸ் அரக்கனுக்கெல்லாம் தூக்கம் ஏறாது ஆன்ட்டி."
"ஆன்ட்டிதான் தூங்கிருப்பாங்க."
குழுவை நடத்தும் கோகுல்: "பொய்த் தகவல் போடாதீங்க. அடுத்த தடவை குழுவுலேருந்து தூக்கிடுவேன்."

பொய்யாம். இருபத்திரண்டு வருஷம் பூ விற்கிறேன். நேற்றுப் பூவை இன்றைய பூ என்று ஒரு முழம் விற்றதில்லை.

ஐப்பசி 12, புதன்

மழை. நார் வாங்க வேண்டும். குடைக்கம்பி ஒடிந்தது.

பிரபு போன் செய்தான்.
"அம்மா, அவனுங்க முதல் பாகத்துலேருந்து ஆடுறவனுங்க. தெரியாம எதையாவது எழுதாதம்மா."
"தெரிஞ்சுதான்டா எழுதினேன். தூங்குச்சு."
"வேற ஏதோ தூங்கிருக்கும். விட்டுடும்மா. நல்லவேளை, நீ எங்கம்மான்னு அவனுங்களுக்குத் தெரியாது."

அப்படியானால் யார் என்று சொல்லியிருக்கிறான்? கேட்டேன். "எங்க தெருவுல ஒரு ஆன்ட்டி"யாம்.

கோகுல் சொன்னதுகூடப் பரவாயில்லை. கோகுல் யாரோ.

சாயங்காலம் குழுவில் எழுதிவிட்டேன்: "நேரலையில் ஆடிக் காட்டுகிறேன். எல்லாரும் பாருங்கள்."

ஐப்பசி 13, வியாழன்

என் ஆட்டத்தில் ஏதாவது தில்லுமுல்லு இருக்குமாம். அதனால் கோகுல் தான் ஆடிச் சேமித்து வைத்த ஆட்டத்தை அனுப்பினான். அதில்தான் ஆட வேண்டும். அதை லேப்டாப்பில் ஏற்ற பிரபுதான் போனில் வழி சொன்னான், வேண்டா வெறுப்பாக.

மூன்று மணி. குழுவின் வீடியோ அழைப்பில் பதினான்கு பேர் பார்த்தார்கள். கோகுலின் பையைத் திறந்தால் தூக்கப்பூ 99. ஒன்று வீசினேன். இரண்டு. மூன்று. பன்னிரண்டு வரை வீசினேன். ஒரு கண்கூட மூடவில்லை. ஏழுகண்ணன் என்னைச் சுவரோடு வைத்து அரைத்துவிட்டான்.

ஒரே சிரிப்பு.

நான் பார்த்தது பார்த்ததுதான். "ஞாயித்துக்கிழமை மறுபடியும் ஆடுறேன்" என்று சொல்லிவிட்டு மூடினேன். கோபம்தான், பயமில்லை.

ஐப்பசி 14, வெள்ளி

வெள்ளிக்கிழமை, நிற்க நேரமில்லை. அரளி, செவ்வந்தி எல்லாம் பத்து மணிக்கே காலி.

காலையில் கூடையைக் கழுவும்போது நேற்று மீந்த முல்லையைக் குப்பையில் கொட்டினேன். கொட்டிய பிறகு அப்படியே நின்றுவிட்டேன்.

பக்கத்துத் தேங்காய்க்கடை ஜபருல்லா பாய்: "என்னக்கா, குப்பையில எதையாவது போட்டுட்டீங்களா?"
"இல்ல பாய். எடுத்துட்டேன்."

விளையாட்டிலும் இதைத்தானே செய்கிறேன். அங்கே விடிந்ததும் பையில் உள்ள பழைய பூவைக் கொட்டிவிட்டு, குளத்தில் புதிதாக ஐந்தாறு பறிப்பேன். யாரும் சொல்லித்தரவில்லை, கைப்பழக்கம். கோகுல் 99 பூவை எப்போது பறித்தானோ.

முந்தைய மூன்று பாகத்திலும் பூ வாடாதாம். குழுவில் பழைய பேச்சைத் தேடிப் படித்தேன். இந்த நான்காம் பாகத்திலும் சில்லறைப் பூதங்கள் பழைய பூவுக்கே தூங்கிவிடுமாம். அதனால் ஒருத்தனுக்கும் சந்தேகம் வரவில்லை.

ஊகம்தான். ஆடிப் பார்த்தால்தான் தெரியும்.

ஐப்பசி 15, சனி

விடாத மழை. நாள் முழுக்கக் கரண்ட் இல்லை. ஆடிப் பார்க்க முடியவில்லை. போகட்டும். பிரபு "உடம்பு சரியில்லன்னு சொல்லிடவாம்மா?" என்று எழுதியிருந்தான். பதில் போடவில்லை.

ஐப்பசி 16, ஞாயிறு

வெயில். மூன்று மணிக்குக் கடையிலேயே. இந்தத் தடவை முப்பத்தொரு பேர், சிரிக்க வந்தவர்கள். ஜபருல்லா பாய் தேங்காயைப் போட்டுவிட்டுப் பின்னால் வந்து நின்றார்.

ஆரம்பிக்கும் முன் சொன்னேன்: "என் பேரு வசந்தா. தஞ்சாவூர் பூக்காரத்தெருவுல பூக்கடை. பிரபுவோட அம்மா."

பிரபு இருந்தானா, போய்விட்டானா என்று நான் பார்க்கவில்லை. தோற்றால் அவனுக்கும் சேர்த்து அசிங்கம். தெரிந்துதான் சொன்னேன்.

கோகுல் அனுப்பிய ஆட்டத்தை மறுபடி முதலிலிருந்து திறந்தேன். பையில் 99. மொத்தத்தையும் கொட்டினேன்.
கோகுல்: "ஐயோ ஆன்ட்டி, அது மாசக்கணக்கா சேர்த்ததுங்க."
"அதான் ஆகலை."

விளையாட்டில் விடியும் வரை குளக்கரையில் காத்திருந்தேன். ஆறு பூ பறித்தேன். எங்கும் நிற்காமல் நேராகப் பாதாள வாசல்.

முதல் பூ. ஒன்றுமில்லை. யாரோ சிரித்தான்.
இரண்டாவது. மூன்று கண் மூடியது. சிரிப்பு நின்றது.
மூன்றாவது. ஏழும்.

ஏழுகண்ணன் குறட்டை விட்டான். முப்பத்தொரு பேரும் அதைக் கேட்டார்கள். பாய் மட்டும் "மாஷா அல்லா" என்றார்.

கோகுல்: "எப்படி ஆன்ட்டி?"
"அக்கான்னு கூப்பிடு, சொல்றேன்."
"எப்படிக்கா?"
"அன்னன்னிக்குப் பறிச்ச பூதான் தம்பி வேலை செய்யும். நேத்துப் பூ ஆகாது."

ஐப்பசி 17, திங்கள்

மல்லி வந்தது, நல்ல மொட்டு. நார் வாங்கியாயிற்று. குடை இன்னும் இல்லை.

பிரபு நேற்றிலிருந்து நான்கு தடவை கூப்பிட்டிருக்கிறான். எடுக்கவில்லை. இன்று ஐந்தாவது தடவை, கட்டிக்கொண்டிருந்த மாலையைக் கீழே வைத்துவிட்டு எடுத்தேன்.

"அம்மா, உனக்கு மட்டும் எப்படிம்மா தெரிஞ்சுது?"

"பூக்காரி மகன் கேக்குற கேள்வியாடா இது?"

போனில் மூக்கை உறிஞ்சும் சத்தம். வாடிக்கை வந்து நின்றது. இரண்டு முழம் அளந்து கொடுக்கும்வரை பிரபு போனை வைக்காமல் காத்திருந்தான்.