எழுந்து நின்றவர்

ஏப்ரல் 4, திங்கள்

காலையிலேயே அனல். கிணற்றில் வாளி தரையைத் தட்டுகிறது, வருவது பாதி சேறு. ஊறப்போட்ட துணி அப்படியே.

வாங்க: மண்ணெண்ணெய், நீலம், இவருக்குத் தொண்டை மாத்திரை.

பத்து மணிக்குக் கீழ்க்கட்டளைப் பெண்கள். லூர்து மேரிதான் முன்னால். பல்லாவரத்தில் தோல் கம்பெனி வேலை. அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். போன தேர்தலில் இவரை எம்.எல்.ஏ. ஆக்க ஓட்டுக் கேட்டு நானும் அவளும் தெருத் தெருவாக நடந்தது ஞாபகம். நான் மயங்கி விழப்போனபோது சோடா வாங்கிக் கொடுத்தவள்.

"சார், ராவும் பகலும் லாரி வந்து தண்ணிய உறிஞ்சிகினு போவுது. நெலத்துக்காரன் ஆழமா போர் போட்டு விக்கிறான். அவன் மோட்டார் ஓடுச்சுன்னா எங்க பம்புல காத்துதான் வருது. பட்டணத்து ஓட்டலுக்குக் குளிக்கத் தண்ணி கீது. எங்க புள்ளைங்க குடிக்க இல்ல."

இவர் எழுந்து நின்றே கேட்டார். எல்லோருக்கும் மோர் கொடுக்கச் சொன்னார்.

சாயங்காலம் அங்கேயே தெருமுனைக் கூட்டம். நானும் போனேன். இவர் மைக்கில்: "லாரி வந்தா மறிங்க. முதல் ஆளா நான் நிக்கிறேன். கோட்டையில மசோதா வருது. அங்கயும் உங்களுக்காக எழுந்து நிப்பேன்!" விசில், கைத்தட்டல். லூர்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

பெருமையாகத்தான் இருந்தது. பழைய ஆள் திரும்பி வந்த மாதிரி. பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியாராக இருந்தபோது ஆயாவை வேலையை விட்டு நிறுத்தினார்கள் என்று ஹெட்மாஸ்டர் ரூம் வாசலில் பட்டினி உட்கார்ந்தவர். அந்த மனுஷரைத்தான் கட்டிக்கொண்டேன்.

ஏப்ரல் 7, வியாழன்

கோட்டை. மூன்று வருஷத்தில் முதல் முறையாக நானே கேட்டு பாஸ் வாங்கினேன். இவர் பேசுவதைப் பார்க்க. பச்சைப் பட்டு. அபத்தம்.

பார்வையாளர் மாடத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே இடம். கீழே இவர் நான்காவது வரிசை. தண்ணீர் மசோதா. எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: குடியிருப்புப் பக்கம் லாரிக்குத் தண்ணீர் எடுக்கவே கூடாது என்று சேர்க்க வேண்டும். அவ்வளவுதான். லூர்து கேட்டதும் அதேதான். மந்திரி தேவையில்லை என்றார். இவர் வாய் திறக்கவில்லை. சரி, ஓட்டில் காட்டுவார் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் குரல் ஓட்டு கேட்டார்கள். எதிர்க்கட்சி ஒத்துக்கொள்ளாமல் தலையை எண்ணச் சொன்னது. மணி அடித்துக் கதவைச் சாத்தினார்கள். திருத்தத்தை ஆதரிப்பவர் எழுந்து நிற்கலாம். இவர் உட்கார்ந்திருந்தார். மேஜை மேல் காகிதத்தை நேராக அடுக்கினார். எதிர்ப்பவர் எழுந்து நிற்கலாம். வரிசை முழுக்க எழுந்தது. இவரும். வேட்டி மடிப்பைச் சரி பண்ணிக்கொண்டு, நிமிர்ந்து.

மேலே பார்க்கவேயில்லை. நான் இருப்பது தெரியும்.

திரும்பும்போது மாணிக்கத்தின் கார். மாணிக்கம் கட்சியின் வட்டச் செயலாளர், இவரது வலதுகை. அவன் முன்னால் பேச முடியவில்லை. வீட்டில் கேட்டேன்.

"கட்சி எழுந்திருன்னா எழுந்திருக்கணும் விமலா. இல்லேன்னா அடுத்த தடவை சீட் கிடையாது. வெளியில நின்னுகிட்டு யாருக்கு என்ன பண்ண முடியும்?"

"உள்ள நின்னு என்ன பண்ணினீங்க?"

"மோர் இருக்கா?" என்றார்.

ஏப்ரல் 8, வெள்ளி

பேப்பரில் ஒரே வரி. திருத்தம் தோற்றது. யார் எந்தப் பக்கம் என்று ஒன்றும் இல்லை. இரண்டு தடவை படித்தேன்.

சாயங்காலம் பம்மலில் ஒரு கல்யாணம். வாழ்த்திப் பேசக் கூப்பிட்டார்கள். இவர்: "தண்ணீர்ப் பிரச்சினையில் நேற்றுகூட சட்டமன்றத்தில் உங்களுக்காக எழுந்து நின்றேன்." கைத்தட்டல். பொய்கூட இல்லை. நின்றார்தான்.

பக்கத்தில் இருந்த அம்மாள்: "கொடுத்து வெச்சவங்க நீங்க." கையில் மைசூர்பாகு. அப்படியே இலையில் வைத்துவிட்டேன்.

கால் வீக்கம். உப்பைக் குறைக்க வேண்டும்.

ஏப்ரல் 10, ஞாயிறு

மத்தியானம் இவர் தூங்கும்போது பஸ் பிடித்துக் கீழ்க்கட்டளை. வழியில் இரண்டு லாரி, பின்னால் ஒழுகிக்கொண்டே. ரோட்டில் நனைந்த கோடு.

லூர்து மாதா கோவிலுக்குப் போய்விட்டு வந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பாய் விரித்தாள். செவ்வாய்க்கிழமை மறியல் என்றாள். எல்லா வீட்டிலும் சொல்லியாகிவிட்டது, சார் வந்து நிற்பார்.

சொல்லிவிட்டேன். வரமாட்டார், கோட்டையில் லாரிக்காரன் பக்கம்தான் எழுந்து நின்றார், என் கண்ணால் பார்த்தேன் என்று.

முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். பிறகு மெதுவாக, "வூட்ல எதுனா சண்டையாக்கா?"

"இல்ல லூர்து. உண்மை."

"எனக்கும் என் வூட்டுக்காரரு மேல கோவம் வந்தா வாயில வர்றதெல்லாம் சொல்லுவேன். ரெண்டு நாள்ல செரியாப் பூடும். சாரு அப்படியாப்பட்டவரு இல்ல."

அவளே என்னைச் சமாதானம் பண்ணினாள். டீ போட்டுக் கொடுத்தாள். தண்ணீர் இல்லாத வீட்டில். குடித்துவிட்டு வந்தேன்.

புருஷனைப் பற்றி ஊர் சொன்னால் செய்தி, பெண்டாட்டி சொன்னால் சண்டை.

ஏப்ரல் 12, செவ்வாய்

காலை ஏழரைக்கே போன். கீழ்க்கட்டளையில் லாரியை மறித்துவிட்டார்கள், சார் வரவில்லையே என்று. இவர் குளியலறைக்குள்ளிருந்து, "கோட்டைக்குப் போயிட்டார்னு சொல்லு."

சொல்லவில்லை. ரிசீவரைப் பக்கத்தில் அப்படியே வைத்துவிட்டு அடுப்படிக்கு வந்துவிட்டேன். அதிலிருந்து ஒரு பெண் "ஹலோ, ஹலோ" என்று கூப்பிடுவது அங்கேவரை கேட்டது. மாணிக்கம் வந்து எடுத்தான். "சார் கெளம்பிட்டாரும்மா."

பதினோரு மணிக்கு போலீஸ். லத்தி. குடங்களை மிதித்து நசுக்கினார்களாம். பெண்களை வேனில் ஏற்றினார்கள். லூர்துதான் தூண்டிவிட்டவள் என்று வழக்கு.

மாணிக்கம் கூடத்தில் உட்கார்ந்து எழுதினான், இவர் நடந்துகொண்டே சொன்னார்: "குடிநீர்ப் பிரச்சினையில் அரசு தக்க நடவடிக்கை எடுத்து வருகிறது. சட்டத்தைக் கையில் எடுப்பதை ஒருபோதும் ஆதரிக்க இயலாது. சில விஷமிகளின் தூண்டுதலுக்கு..."

"விஷமி யாருங்க?" என்றேன்.

மாணிக்கம் பேனாவை மூடினான். "அண்ணி, இதெல்லாம் அறிக்கையில வழக்கமா போடறதுதான்."

ஸ்டேஷனுக்குப் போனேன். உள்ளே விடவில்லை. எம்.எல்.ஏ. வீடு என்றதும் வராந்தாவில் நாற்காலி போட்டார்கள். ஜன்னல் வழியாக லூர்து தெரிந்தாள், தரையில், முழங்கையில் ரத்தம் காய்ந்து. என்னைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அதுதான் தாங்கவில்லை.

ஏப்ரல் 14, வியாழன்

வருஷப் பிறப்பு. வாசலில் கட்சிக்காரர்கள், மாலை, பழத்தட்டு. மாங்காய்ப் பச்சடியில் வேப்பம்பூ கூடிவிட்டது. யாரும் சொல்லவில்லை. சாப்பிட்டார்கள்.

பெண்கள் இன்னும் சிறையில். இவரிடம் ஒரு போன் பண்ணுங்கள் என்றேன். "இப்ப நான் தலையிட்டா தப்பா எடுத்துப்பாங்க." யார் எடுத்துப்பார்கள்? எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

ஏப்ரல் 16, சனி

ஜாமீன் கிடைத்துவிட்டது. லூர்துவுக்குக் கம்பெனியில் வேலை போய்விட்டது. சொல்லாமல் மட்டம் போட்டாளாம். சிறையிலிருந்து எப்படிச் சொல்வது?

போய்ப் பார்க்கத் துணியவில்லை. தலைவலி. நாள் முழுக்க ஒரு காரியமும் ஓடவில்லை.

ஏப்ரல் 17, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

அஸ்தினாபுரத்தில் கட்சிப் பொதுக்கூட்டம். குடும்பத்தோடு மேடையில் உட்கார்ந்தால்தான் பெயர் சரியாகும் என்று மாணிக்கம். வரமாட்டேன் என்றேன். இவர், "இந்த ஒரு தடவை விமலா." குரல் உடைந்திருந்தது. போனேன்.

கூட்டத்தின் பின் வரிசையில் கீழ்க்கட்டளைப் பெண்கள். கத்தவில்லை, கொடி இல்லை. சும்மா நின்றார்கள். இவர் பார்த்துவிட்டார், பேச்சில் சூடு ஏறியது. "சகோதரிகளுக்கு என் மேல் வருத்தம். தெரியும். ஆனால் சட்டமன்றத்தில் உங்களுக்காக எழுந்து நின்றவன் நான்!"

லூர்துவின் குரல். தோல் கம்பெனி மிஷின் சத்தத்தில் பேசிப் பழகிய குரல், மைக்கே வேண்டாம். "எந்தப் பக்கம் சார் நின்னீங்க?"

சலசலப்பு. மாணிக்கம் கீழே இறங்கப் போனான். இவர் கையைக் காட்டித் தடுத்தார். சிரித்தார். "நான் சொன்னா நம்ப மாட்டீங்க. என் மனைவி அன்னிக்கு அங்கதான் இருந்தாங்க. அவங்களையே கேளுங்க."

மைக்கை என்னிடம் திருப்பினார். என் மேல் அவ்வளவு நம்பிக்கை. பதினெட்டு வருஷம் எதிர்த்து ஒரு வார்த்தை வெளியில் பேசாதவள் அல்லவா.

எழுந்தேன். இவர் கண்ணைப் பார்த்தேன். பயம். முன்பு நான் பார்த்ததே இல்லாத பயம். ஒரு நொடி பாவமாக இருந்தது.

"குடியிருப்புப் பக்கம் லாரி தண்ணி எடுக்கக்கூடாதுன்னு ஒரு திருத்தம் வந்தது. இவர் அதுக்கு எதிரா எழுந்து நின்னார். நான் பார்த்தேன்."

மைக்கை அணைத்துவிட்டார்கள். ஆனால் சொல்லி முடித்திருந்தேன்.

யாரும் கை தட்டவில்லை. நான் மேடையிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடந்தேன். செருப்பு மேடையிலேயே.

ஏப்ரல் 18, திங்கள்

திட்டவில்லை, அடிக்கவில்லை. அதற்குத்தான் தயாராக இருந்தேன். காபி குடித்துவிட்டுச் சொன்னார்: "நீ சொன்னது உண்மைதான். உண்மையைச் சொல்ல எனக்கும் ஆசை இருக்காதா?"

அழுதார். நான் பக்கத்தில் போகவில்லை. போயிருக்கலாமோ? தெரியவில்லை. பால் பொங்கி வழிந்துவிட்டது, துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 19, செவ்வாய்

மாலைப் பேப்பர். எம்.எல்.ஏ. அறிக்கை. "என் துணைவியார் சில மாதங்களாக நரம்புத் தளர்ச்சிக்குச் சிகிச்சை பெற்று வருகிறார். அவரது உடல்நலக் குறைவை அரசியலாக்க வேண்டாம்."

மாணிக்கத்தின் நடையில்லை. கமா போடுகிற விதம் தெரியும். இவரே எழுதியது. நேற்று அழுத கையால்.

பக்கத்து வீட்டு மாமி ஆர்லிக்ஸ் பாட்டிலோடு வந்துவிட்டாள். "ரெஸ்ட் எடுங்க. எல்லாம் சரியாயிடும்." வாங்கி வைத்துக்கொண்டேன். வேறென்ன செய்ய?

ஏப்ரல் 20, புதன்

லூர்து வந்தாள். வாசலிலேயே நின்றாள், உள்ளே வரமாட்டேன் என்று. நானும் வெளியே போய் வெயிலில் நின்றேன்.

"அன்னிக்கு நீ சொன்னப்ப நான் நம்பல. என்னிய மன்னிச்சுடுக்கா."

"நம்பியிருந்தா மறிச்சிருக்க மாட்டியா?"

யோசித்தாள். "மறிச்சிருப்போம். ஆனா சாருக்குன்னு எடம் வுட்டு நிக்காம, நெருக்கமா நின்னுருப்போம்."

பிறகு தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தாள். வக்கீல் ஒரு சாட்சி கேட்கிறாராம். லாரியை மறியுங்கள் என்று கூட்டத்தில் சொன்னதே எம்.எல்.ஏ.தான் என்று யாராவது வந்து சொல்ல வேண்டும். தெருவே கேட்டது. ஒருத்தரும் வரவில்லை. "உன்னிய கூப்புட எனக்கு வாய் வரலக்கா. உன் வூட்டுக்காரரு. அதுக்கு மேல நரம்புத் தளர்ச்சின்னு வேற எழுதிட்டானுங்க. சாட்சின்னு ஒத்துப்பாங்களோ, மாட்டாங்களோ."

"வரேன்" என்றேன்.

லாரி இன்றும் ஓடுகிறது. தெரியும். என் சாட்சியால் ஒரு குடம் தண்ணீர்கூட வரப்போவதில்லை. அதுவும் தெரியும்.

நாளைக் காலை ஏழு மணிக்கு பஸ் ஸ்டாப்பில் லூர்து நிற்பாள். அங்கிருந்து நேரே வக்கீல் வீடு. இவரிடம் சொல்லவில்லை. பேப்பரில் பார்த்துக்கொள்ளட்டும்.