மூன்றாவது தூணுக்குப் பின்னால்

இல்லை. இன்னும் நடுவில்தான் உட்காருகிறேன்.

நீ கேட்கவில்லை. உயிரோடு இருந்தபோதே கேட்காதவள் நீ. ஆனாலும் ஞாயிறுதோறும் வேதக்கோயிலுக்குள் பாயை விரிக்கும்போது, இடம் மாறிவிட்டாயா என்று நீ கேட்பதுபோல அந்தக் கேள்வி காதில் விழுகிறது. இது அதற்குப் பதில். நடுவில்தான். பீடம் முழுவதும் தெரிகிற இடத்தில்.

திருநாள் வருகிறது. கோயில் கட்டிய பிறகு இப்போதுதான் மறுபடி வெள்ளையடிக்கிறார்கள். வாசலில் குழி வெட்டிச் சுண்ணாம்புக் கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். கல் வெடித்துப் புகைகிற வாடை காலையிலிருந்து ஊர் முழுக்க. அந்த வாடையில் உன் நினைவு வந்தது. உள்ளே போனேன். யாரும் இல்லை. இடப்பக்கத்து வழியில் மூன்றாவது தூணுக்குப் போனேன். அதன் பின்புறம், உட்கார்ந்தால் தோள் படும் உயரத்தில், தேய்ந்த இடம் ஒன்று இருப்பதாக நீ சொல்லியிருந்தாய். நீ சாய்ந்து சாய்ந்து சுண்ணாம்பு உதிர்ந்த இடம்.

ஈர வெள்ளை. அடித்து முடித்திருந்தார்கள்.

இத்தனை வருடம் அது அங்கே இருந்திருக்கிறது. தூணுக்கு அந்தப் பக்கம் நான் போனதே இல்லை.

*

சென்னையில் விடுதி அறை. ஒரே ஊர்ப் பெண்கள் என்று நம் இருவரையும் ஒன்றாகப் போட்டார்கள். ஊரில் அது நடக்காது. நான் மேலத்தெரு, நிலம் வைத்திருக்கிற சாதி. நீ கீழத்தெரு, அந்த நிலத்தில் இறங்கி வேலை செய்கிற சாதி. இரண்டு தெருவும் ஞானஸ்நானம் பெற்றுப் பல தலைமுறை. தண்ணீர் எங்கள் தலையில் பட்டது. சாதியில் படவில்லை.

விடுதியில் நீ என்னை "ஏ புள்ள" என்பாய். என் எண்ணெயை எடுத்துத் தேய்த்துக்கொள்வாய். என் கட்டுரையைப் படித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா மூச்சு விடவே இடம் வைக்கலையே புள்ள" என்பாய். விடுமுறைக்கு வரும்போது வாடிப்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்குவோம். இறங்கியதும் நான் "தாயி" ஆகிவிடுவேன். என் பெட்டி உன் கைக்குப் போய்விடும். தூக்கச் சொன்னதில்லை. வேண்டாம் என்று சொன்னதும் இல்லை.

உன் அம்மாவை நான் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். குழந்தையிலிருந்து. அதில் ஒன்றும் உறுத்தியதில்லை.

*

கல்லூரி நூலகத்தில் அந்தப் பெரிய படப்புத்தகம். ஐரோப்பாவின் பழைய கோயில்கள். எண்ணூறு, தொள்ளாயிரம் வருடம் முந்தியவை. ரோமனெஸ்க் என்று பெயர். கூர்முனை வளைவுகள் வருவதற்கு முன் கட்டியது. அரைவட்ட வளைவுகள், கோட்டைபோலச் சுவர், பிளந்து வைத்ததுபோலச் சிறிய சன்னல். மேலே பீப்பாயைக் கவிழ்த்த மாதிரி கல் கூரை. அந்தக் கனத்தைத் தாங்கத்தான் சுவரும் தூணும் அவ்வளவு தடிமன்.

நான் வளைவுகளைப் பார்த்தேன். நீ தரைப் படத்தைப் பார்த்தாய். விரலை வைத்துக்கொண்டே போனாய். வாசலில் தொடங்கி, பக்கத்து வழியாக, பீடத்துக்குப் பின்னால் வளைந்து, மறுபக்க வழியாக வாசல்வரை. விரல் எங்கும் நிற்கவில்லை.

"எதுக்கு இந்த வழி?"

படித்துச் சொன்னேன். யாத்திரைக்காரர்கள் எந்த நேரமும் வருவார்கள். நடுவில் பூசை நடக்கும். அதைக் கலைக்காமல் அவர்கள் பீடத்தைச் சுற்றிப் போக வேண்டும். அதற்கு.

"அழுக்குக் காலோட?"

"அழுக்குக் காலோட."

"யாருன்னு கேக்க மாட்டாகளா?"

"கேக்க மாட்டாங்கன்னுதான் போட்டிருக்கு."

மறுபடி வாசலில் விரலை வைத்தாய். இன்னொரு சுற்று போனாய்.

*

நம் ஊர்ப் பழைய கோயில் உனக்கு மறந்திருக்காது. ஓலைக் கூரை. குறுக்கே இடுப்பளவு மரக்கிராதி. கிராதிக்கு முன்னால் எங்கள் தெரு, பின்னால் உங்கள் தெரு. மழையில் கூரை சாய்ந்த வருடம், புதுக்கோயில் கட்டலாம் என்றார் சாமியார். பிரான்சு தேசத்து மலையூர்க்காரர். அவர் ஊர்க் கோயிலும் அந்தப் பழைய அரைவட்ட மாதிரிதான். தபால் அட்டையில் அதன் படம் வைத்திருந்தார். காலேஜ் படித்த இரண்டு பெண்கள் அந்த மாதிரிக் கோயில்களைப் பற்றி அவருக்கே சொன்னபோது மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. "வரைந்து கொடுங்கள் பிள்ளைகளே. கட்டுவோம்."

வரைந்தது நீ. நடுவில் அகலமாக ஒரு வழி, இரண்டு பக்கமும் ஒடுக்கமான வழி, இடையில் தூண்களும் வளைவுகளும். பீடத்தைச் சுற்றி வழி. கிராதி எங்கும் இல்லை. தூணுக்கும் தூணுக்கும் நடுவில் யாரும் எங்கிருந்தும் வரலாம், எங்கும் போகலாம். அதற்காகவே அந்தப் படத்தை நீ எடுத்தாய். யாரிடமும் அதைச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

என் அய்யா ஒப்புக்கொள்ள வேண்டும். மேலத்தெருவுக்கு அவர் சொல்தான் சொல். படத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

"தூணு எம்புட்டுத் தடிமன்?"

இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன்.

"அப்பச் சரி. கிராதி வேணாம்."

ஓடிவந்தேன். உங்கள் தெரு முனைவரை. அதற்குமேல் வரும் வழக்கம் இல்லை. அங்கே நின்று கத்தினேன். "அய்யா சரின்னுட்டாக! கிராதி கிடையாது!"

ஈரக் கையோடு வந்தாய். "உங்கய்யாவா?"

"ஆமா."

"சும்மாவா சரின்னாக?"

"தூணு தடிமனைக் கேட்டாக. சொன்னேன். சரின்னுட்டாக."

உன் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று உள்ளே போனது. கையைச் சேலையில் துடைத்தாய். மெதுவாகச் சொன்னாய்: "தூணைக் கொஞ்சம் ஒல்லியா வச்சுக்கலாமே, தாயி."

"அந்தப் பாணியே தடிமன்லதான் இருக்கு."

"அங்கன மேல கல்லு. தாங்கணும். இங்கன ஓடுதானே போடப் போறோம்? ஓட்டுக்கு இம்புட்டுத் தூணு எதுக்கு?"

"மெலிசா வச்சா அது வேற பாணி ஆயிரும்."

சொல்லிவிட்டேன். பாணி. எனக்கு அந்தச் சொல் அவ்வளவு பிடித்திருந்தது. நீ கேட்டது கோயிலைப் பற்றி இல்லை என்பதுகூட எனக்கு விளங்கவில்லை. தெருமுனையில் நின்று உனக்குப் பாடம் நடத்தினேன். நீ கேட்டுக்கொண்டாய். "தாயி" என்று அழைக்கிற இடத்தில் உன்னால் வேறென்ன செய்ய முடியும்? விடுதி அறையாக இருந்தால் தலையணையால் அடித்திருப்பாய்.

*

தூண்கள் எழும்பின. கொத்தனாருக்கு எங்களைப் பார்த்தாலே சிரிப்பு. "யம்மா, கோயில் கட்டச் சொன்னீகளா, யானை கட்டச் சொன்னீகளா? காலு மட்டுந்தான் வளருது." சன்னலைப் பார்த்துவிட்டுச் சாமியாரிடம், "சாமி, இதுல காத்து மண்டி போட்டுத்தான் உள்ள வரணும்" என்றார். "எங்கள் ஊரில் குளிர், அதனால் சிறிது" என்று சாமியார் விளக்கினார். வேர்வை அவர் தாடியில் சொட்டிக்கொண்டிருந்தது. எல்லோரும் சிரித்தோம். நீயும்.

புதுக்கோயிலை மந்திரித்துத் திறந்த நாள். சாமியாருக்கு உதவியாக இருந்த உபதேசியார் வாசலில் நின்று ஆட்களைப் பிரித்துவிட்டார். "மேலத்தெரு நேரா போங்க. கீழத்தெரு பொம்பளைக இடது கை, ஆம்பளைக வலது கை. தூணைத் தாண்டாம உக்காருங்க." குரலில் கோபம் இல்லை. வழி சொல்வதுபோலத்தான் சொன்னார். எல்லோரும் சொன்ன இடத்துக்குப் போனார்கள். கிராதியைவிட வசதி. கிராதிக்கு மேலே பீடம் தெரிந்தது. தூணுக்குப் பின்னால் அதுவும் இல்லை.

நீ பாயோடு நின்றாய். மூன்றாவது தூணில் உள்ளங்கையை வைத்தாய். அப்புறம் என்னைப் பார்த்தாய். முறைக்கவில்லை. அன்று முறைத்திருந்தால் இன்று இவ்வளவு உறுத்தாது. நான் பாயை விரித்தேன். நடுவில்.

*

பிறகு நீ மதுரையில் கன்னியாஸ்திரீகள் நடத்துகிற பள்ளி ஒன்றில் ஆசிரியை ஆனாய். ஞாயிறு பூசைக்கு ஊருக்கு வந்துவிடுவாய். நான் ஊருக்கு வெளியே உன்னைப் பார்க்க வருவேன். வண்டியூர்த் தெப்பக்குளத்துப் படிக்கட்டில் உட்காருவோம். அங்கே நம்மை யாருக்கும் தெரியாது. அங்கே நான் மறுபடி "புள்ள".

ஒருநாள் கேட்டுவிட்டேன். "அங்கன இருந்து பூசை தெரியுதா?"

"உனக்குப் பூசை கண்ணுல. எனக்குக் காதுல. மணி அடிச்சா முழங்கால் போடுவேன்."

"கோவமா?"

நிலக்கடலைத் தோலை ஊதினாய். "தூணு மேல என்ன கோவம்? கெட்டியான தூணு. சாய நல்லா இருக்கு. என் தோளு பட்டுப் பட்டு ஒரு இடத்துல சுண்ணாம்பே போயிருச்சு, வந்து பாரு."

வருகிறேன் என்றேன். நீ மைய மண்டபத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். வெயில் தண்ணீரில் கிடந்தது. "உன் மேல கோவமான்னு கேக்கலையே நீ" என்றாய். சிரித்துக்கொண்டுதான். நான் குளத்தைப் பற்றி ஏதோ பேசினேன்.

*

விஷக்காய்ச்சல். மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து மாட்டு வண்டியில் கொண்டுவந்தார்கள். பக்கத்து வாசல் வழியாக உள்ளே தூக்கினார்கள். உன் சவப்பெட்டியை இடப்பக்க வழியிலேயே வைத்தார்கள். சாமியார் நடுவிலிருந்து இறங்கிவந்து தீர்த்தம் தெளித்தார்.

நான் என் இடத்தில் இருந்தேன். எட்டிப் பார்த்தேன். சாய்ந்து பார்த்தேன். மூன்றாவது தூண். பெட்டியின் கால்மாடு மட்டும் கொஞ்சம் தெரிந்தது. உன் முகம் தெரியவில்லை.

நான் விரித்துக் காட்டிய அதே தடிமன்.

எழுந்து போயிருக்கலாம். பத்தடி. அவ்வளவுதான் தூரம்.

*

அதற்கப்புறம் இன்னொரு புத்தகத்தில் படித்தேன். அந்தப் பழைய கோயில்களிலும் நடுவே மறைப்பு உண்டாம். துறவிகள் உள்ளே, சனங்கள் வெளியே. யாத்திரைக்காரன் சுற்றிப் போகலாம். போய்க்கொண்டே இருக்க வேண்டும், உள்ளே வந்து உட்கார முடியாது. உன்னிடம் சொல்ல நினைத்தேன். நீ இல்லை. உன் விரல் போன வழியில் யாரும் நிறுத்தியிருக்க மாட்டார்கள் என்று நம்பியபடியே போய்விட்டாய். அது நல்லதா என்று தெரியவில்லை.

நீ வரைந்த அந்தச் சுற்றுவழி இப்போதும் இருக்கிறது. சப்பரத்தின் கட்டைகளையும் உடைந்த விளக்குகளையும் அதில் போட்டு வைத்திருக்கிறார்கள். சாமியாருக்கு முதுமை வந்துவிட்டது. அவர் தேசத்தில் யுத்தம். தபால் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தக் கோயில் நிற்கிறதோ என்னவோ என்கிறார். நம் கோயில் நிற்கிறது, சாமி, என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் வைத்திருப்பது உன் கேள்வி மட்டும்தான். ஓட்டுக்கு இம்புட்டுத் தூணு எதுக்கு. எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும், எந்த அழகான சொல்லை எழுதப் போனாலும், அது முன்னால் வந்து நிற்கிறது. ஈரக் கையோடு.

*

இதுவரை எழுதியது திருநாளுக்கு முன். மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

திருநாள் கழிந்த ஞாயிற்றுக்கிழமை பாயை எடுத்துக்கொண்டு இடப்பக்கம் திரும்பினேன். மூன்றாவது தூணுக்குப் பின்னால் விரித்தேன். பெண்கள் பதறி எழுந்தார்கள். "இங்கன எதுக்கு தாயி? புழுக்கமா இருக்கும்." தங்கள் பாய்களைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். என்னைச் சுற்றி வெறுந்தரை. நான் மட்டும். அங்கேயும் எனக்கு நடு இடம் கிடைத்துவிட்டது. பூசை முடியும்வரை முகம் எரிந்தது. வீட்டில் அய்யா பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை.

அடுத்த ஞாயிறு பாய் கொண்டுபோகவில்லை. உன் அம்மா தூணோரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"அம்மா, கொஞ்சம் நகந்துக்கங்க."

நிமிர்ந்து பார்த்தார். உன்னைப் போலவே, முறைக்காமல். "அய்யா வைவாகளே."

"வையட்டும்."

பாயில் ஒரு ஓரத்தைக் கையால் தட்டிவிட்டார். உட்கார்ந்தேன். பீடம் தெரியவில்லை. மணி அடித்தபோது முழங்கால் போட்டேன்.