விரியவிட்ட ஒரே மொட்டு

சைப்ரஸ் வெயிலிலும் வாய் வற்றாத என் மாமாவுக்கு,

ஆடியில் ஊருக்கு வந்த உங்கள் கூட்டாளி கையில் ஒரு விதைப் பொட்டலம் கொடுத்துவிட்டீர்களே, நினைவிருக்கிறதா? கூடவே போனில் சவால்: “இங்கிட்டு ரோட்டோரமெல்லாம் தானா மொளைக்குது. பூத்ததும் பேரைச் சொல்லு பாப்போம். சொல்லிட்டா, கீரமங்கலம் பூ மார்க்கெட்டுல அதைக் காதுல வச்சுக்கிட்டு நிக்கிறேன்.”

புரட்டாசியில் நெஞ்சுவலி என்று ஒரேயடியாகப் போய்விட்டீர்கள். விடையை நான் யாரிடம் கேட்பது? உங்களுக்கே தெரியுமா மாமா?

கார்த்திகையில் விதைக்கப் போனால் பொட்டலம் காலி. “கருஞ்சீரகம்னு நெனச்சு ஓமம், வெந்தயத்தோட வறுத்துப் பொடிச்சுட்டேன்டி” என்றாள் அம்மா. காகித மடிப்பில் ஏழு விதைகள் தப்பியிருந்தன. முல்லைத் தோட்டத்து ஓரத்தில் ஊன்றினேன். ஒன்றுதான் முளைத்தது.

முதல் மொட்டைக் காணோம். இரண்டாவதும் காணோம். ஊரில் எது தொலைந்தாலும் என்னைத்தான் கேட்பார்கள். முதல் தடவையாக நான் ஊரைக் கேட்டேன். மாட்டியது, விடியலில் முல்லை பறிக்க வரும் வள்ளி அத்தை.

“மொட்டுலதானடி பறிக்கணும்? விரிஞ்சா எவன் வாங்குவான்? கை தானா போயிருச்சு.”

இரண்டையும் முல்லையோடு சரமாகக் கட்டி மார்க்கெட்டுக்கே அனுப்பிவிட்டது. மிச்சம் ஒரே மொட்டு. அதுவும் போனால் உங்கள் பூவின் முகத்தை யாருமே பார்க்க முடியாது. செடிக்கு மஞ்சள் துணி கட்டி, வேப்பிலை செருகி, “சாமிச் செடி, தொட்டா கண்ணு போயிரும்” என்றேன். மறுநாள் அத்தை அதற்குச் சூடமே கொளுத்தியது! நான் சிரிப்பை அடக்க வாயில் தாவணியைத் திணித்துக்கொண்டேன்.

மாசியில் விரிந்தது மாமா. நீலம். சுற்றிலும் பச்சை நூலால் பின்னிய வலை. போனைக் கேட்டால் மூன்று படத்துக்கு மூன்று பெயர் சொன்னது. படங்களோடு பஸ் ஏறி, புதுக்கோட்டைக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியையைப் பார்த்தேன்.

“கருஞ்சீரகத்துக்குச் சொந்தக்காரச் செடி. ஆனா கருஞ்சீரகப் பூவுக்கு இந்த நூல் வலை கிடையாது. இது மத்திய தரைக்கடல் பக்கத்துக் காட்டுப்பூ, நைஜெல்லா டமாசீனா.”

“நான்தான் அப்பவே சொன்னேன்ல, கருஞ்சீரகம்னு!” வீட்டில் அம்மாவுக்கு ஒரே பெருமை. படிப்பில் பூஜ்யம் என்றீர்களே, பூவில் என் ராஜ்யத்தைப் பார்த்தீர்களா?

வள்ளி அத்தையிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். பூக்கூடையாலேயே தலையில் ஒரு போடு போட்டது. பிறகு செடியருகே குத்தவைத்து, “ஒங்க மாமன் அனுப்புனதுன்னு சொல்லியிருந்தா தொட்டிருப்பேனாடி?” என்றது. இப்போது அத்தைதான் காவல். பூ உதிர்ந்து, காய் குட்டிப் பலூன்போல உப்பி நிற்கிறது. உள்ளே விதை கறுக்கிறது.

பந்தயத்தை விடமாட்டேன் மாமா. வரும் கார்த்திகையில் அத்தனையும் விதைப்பேன். மாசியில் உங்கள் போட்டோவை மார்க்கெட் வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய், காதோரம் ஒரு நீலப்பூ வைப்பேன். நன்றாக விரிந்த பூவாகவே.

தோற்ற மாமாவின்
ஜெயித்த மருமகள்,
கயல்